நான்காவது டிஸ்க்

சீடன்: ஐயா, வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் நான்கு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். இசட்.எஃப்.எஸ். பூல், ரெய்டு-இசட்-1. இடம் நிரம்பியதால் ஒவ்வொன்றாக 8 டெராபைட்டுக்கு மாற்றி வருகிறேன். மூன்று மாற்றியாயிற்று. பூல் இன்னும் அதே 12 டெராபைட்டில் நிற்கிறது.

குரு: நிற்கத்தான் செய்யும். நான்கில் எது சிறியதோ அதன் அளவே மற்றவற்றுக்கும் அளவு.

சீடன்: பக்கத்து வீட்டுச் சினாலஜி பெட்டியில் இரண்டு பெரிய டிஸ்க் போட்டதுமே இடம் கூடியதே?

குரு: அது எஸ்.எச்.ஆர். முறை. பெரிய டிஸ்குகளில் மிஞ்சும் பகுதியைத் தனி ரெய்டாகக் கோத்துக்கொள்ளும். இசட்.எஃப்.எஸ். அப்படிக் கூறுபோடாது. இரண்டுமே நேர்மையான ஏற்பாடுகள்தாம். நீ தேர்ந்தது இது.

சீடன்: நான்காவதும் மாறிவிட்டால் பழைய டிஸ்க் ஒன்றுகூட உள்ளே இராது. அப்போதும் இது அதே பூல்தானா? உடல் மாறி உயிர் தொடர்வதாகக் கொள்ளலாமா?

குரு: உயிர் என்ற பெரிய சொல்லெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு தொகுதியின் செக்சம்மும் அதைச் சுட்டும் மேல் தொகுதியில் எழுதப்பட்டிருக்கிறது. அதனுடையது அதற்கும் மேலே. இப்படியே உச்சியிலுள்ள ஊபர்பிளாக் வரை போகும். அந்தச் சங்கிலி அறுபடாதவரை அதே பூல்தான். எந்த டிஸ்கில் என்பது அதற்குப் பொருட்டில்லை. அது கிடக்கட்டும், பழையதை எப்படி மாற்றினாய்?

சீடன்: உருவிவிட்டு, அதே இடத்தில் புதியதைச் செருகினேன்.

குரு: மூன்று முறையுமா! ரெய்டு-இசட்-1 தாங்குவது ஒரே ஒரு இழப்பை. நல்ல டிஸ்கை உருவி அந்த இழப்பை நீயே உண்டாக்கினாய். புதியதில் தரவு மீண்டும் நிரம்பும் ரீசில்வர் முடியுமுன் இன்னொன்று செத்திருந்தால் பூலே போயிருக்கும். ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் அதிலிருந்த கோப்பு போயிருக்கும்.

சீடன்: பெட்டியில் ஐந்தாவது இடம் இல்லையே ஐயா.

குரு: மதர்போர்டில் சாட்டா போர்ட் ஒன்று சும்மா இருக்குமே? மூடியைத் திறந்துவைத்து, கேபிள் தொங்கினாலும் பரவாயில்லை, புதியதை அதில் மாட்டு. இரண்டும் பூட்டியிருக்கும்போதே ரீப்ளேஸ் கட்டளை கொடு. புதியது முழுவதும் நிரம்பும்வரை பழையது கூட நிற்கும். அதன்பின் கழற்று.

சீடன்: உடனே 24 டெராபைட் வந்துவிடுமா?

குரு: ஆட்டோஎக்ஸ்பாண்ட் இயல்பில் அணைந்தே இருக்கும். நீ அனுமதித்தால்தான் விரியும். அப்படிக் கேட்பதிலும் நியாயம் உண்டு. விரிந்தபின் சுருக்க வழியில்லை. நாளை ஒரு 8 டெராபைட் செத்து, கையில் பழைய 4 டெராபைட்தான் இருந்தால், பூல் அதை ஏற்காது.

சீடன்: சரி ஐயா. இன்றிரவே கேபிளைத் தேடுகிறேன்.

குரு: முதலில் ஸ்க்ரப் ஓட்டு. மீதி டிஸ்குகளில் என்ன கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு மூடியைத் திற.