பட்டியலுக்கு வெளியே வந்த வெற்றியும் பழனிக் காணிக்கையும்

தகுதிப் பட்டியலில் இடம்பெறாத ஒருவர் பெருவெற்றி அடையும்போது, அதை அவருடைய உழைப்பின் விளைவென்று கொள்வதா, ஊழின் செயலென்று கொள்வதா, இறையருள் என்று கொள்வதா என்னும் கேள்வி தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதன்று. டென்னிசின் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் இக்கேள்வி கூர்மையாக எழுகிறது. ஒற்றையர் பிரிவில் களமிறங்கும் 128 பேரில் 32 பேருக்குத் தரநிலை எண் வழங்கப்பட்டு, தொடக்கச் சுற்றுகளில் அவர்கள் ஒருவரோடொருவர் மோதாதவாறு அட்டவணை வகுக்கப்படுகிறது. எஞ்சிய 96 பேருக்கு அந்தக் காப்பு இல்லை. ஆயினும் அந்த 96 பேரிலிருந்தும் அவ்வப்போது வெற்றியாளர் எழுவதுண்டு. 2001ஆம் ஆண்டு விம்பிள்டனில், உலகத் தரவரிசையின் 125ஆம் இடத்திலிருந்து, அமைப்பாளர்கள் தம் விருப்பப்படி வழங்கும் ‘வைல்டு கார்டு’ அனுமதியால் நுழைந்த குரோவேசிய வீரர் கோரன் இவானிசெவிச், அரையிறுதியில் டிம் ஹென்மனிடம் 1-2 என்ற செட் கணக்கில் பின்தங்கியிருந்தபோது மழை பெய்து ஆட்டம் நின்றது. மூன்று நாள்களாக நீண்ட அந்த ஆட்டத்தில் வென்ற அவர், இறுதியில் பேட்ரிக் ராஃப்டரையும் வென்று பட்டம் பெற்றார். அந்த மழையைக் கடவுள் அனுப்பியதாகவே அவர் சொன்னார். ஆனால் அதே மழை ஹென்மனுக்கு யார் அனுப்பியது என்பதற்கு அந்த நன்றியுரையில் விடை இல்லை.

இதே சிக்கலை இன்னும் அழுத்தமாக முன்வைக்கும் நிகழ்வு சேலம் சமவெளியிலேயே உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் நெசவுத்தறியில் கூலி வேலை செய்த தந்தைக்கும், சாலையோரக் கோழிக்கறிக் கடை நடத்திய தாய்க்கும் பிறந்த தங்கராசு நடராஜன், ஏறத்தாழ 20 வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடும் ஊர்ப்புறக் கிரிக்கெட்டையே அறிந்தவர். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான சில நாள்களிலேயே பந்துவீசும் முறை குறித்து ஐயம் எழுப்பப்பட, கையசைவைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பெயர் பெற்று, 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். பின்னர் ஐதராபாத் அணியில் இருந்தும் 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை. மட்டையாளரின் கால்விரல்களுக்கு நேரே தரையில் படும்படி வீசப்படும் யார்க்கர் என்னும் பந்தை மீண்டும் மீண்டும் வீசிப் பழகியவரின் அந்த ஆண்டுகளுக்கு ஐபிஎல் ஆட்டக் கணக்கேடுகளில் எந்தப் பதிவும் இல்லை.

2020ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றபோது நடராஜன் சென்றது வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக, அதாவது மட்டையாளர்களின் பயிற்சிக்குப் பந்து வீச வேண்டிய, ஆட்டத்துக்கான பட்டியலில் பெயர் இல்லாத ஒருவராக. வருண் சக்கரவர்த்தியின் தோள் காயத்தால் இருபது ஓவர் அணியில் இடம் வந்தது. நவ்தீப் சைனியின் முதுகுப் பிடிப்பால் ஒருநாள் அணியில் சேர்க்கப்பட்டார். பின்னர் முகமது ஷமியின் கை முறிந்தது, உமேஷ் யாதவின் கெண்டைக்கால் தசை பாதிக்கப்பட்டது, பும்ராவுக்கு வயிற்றுத் தசையில் வலி வந்தது. 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் தொடங்கிய டெஸ்ட்டில் இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரராக நடராஜன் களம் கண்டார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. முதல் இன்னிங்சில் சதமடித்திருந்த லபுஷேன் உட்பட மூவரை அவர் வீழ்த்தினார். 1988க்குப் பின் ஆஸ்திரேலியா டெஸ்ட்டில் தோற்றிராத பிரிஸ்பேனின் அந்தக் காபா மைதானத்தில் இந்தியா வென்றது. ஊர் திரும்பிய நடராஜன் பழனிக்குச் சென்று முடி காணிக்கை செலுத்தினார்.

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் இதைவிட இயல்பான செயல் வேறில்லை. தைப்பூசத்தையொட்டி எடப்பாடியிலிருந்து காவடியுடன் நடந்தே செல்லும் பருவதராஜகுல மக்கள் மலைமேலேயே பஞ்சாமிர்தம் செய்து, வழிவழி வந்த உரிமையால் ஓர் இரவு அங்கேயே தங்குகின்றனர். மழித்த தலையில் சந்தனம் குளிரக் குளிரப் பூசிக்கொண்டு பேருந்தில் ஊர் திரும்பும் குடும்பங்களைத் திருச்செங்கோட்டிலும் இராசிபுரத்திலும் எவரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் இந்த இயல்பான செயலுக்குள் கடினமான கேள்வி ஒன்று உள்ளது. உழைப்பால் வந்தது என்றால் காணிக்கை எதற்கு? முருகன் தந்தது என்றால், தந்த வழி பிறருடைய முறிந்த எலும்பாகவா இருக்க வேண்டும்?

வள்ளுவர் இக்கேள்வியின் இரு முனைகளையும் வெவ்வேறு இடங்களில் வைத்தார். அறத்துப்பாலின் இறுதியில் நிற்கும் ஊழ் அதிகாரம் ஊழினும் வலியது இல்லை என்கிறது. பொருட்பாலில் அரசியலுக்குள் வரும் ஆள்வினையுடைமை அதிகாரமோ, தளராது முயல்வோர் ஊழையும் தோற்கச் செய்வர் என்கிறது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டையும் இணைக்கும் கருத்து பின்னதிலேயே உள்ளது: நல்லூழ் இல்லாமை எவருக்கும் பழியன்று, முயற்சி இல்லாமையே பழி. பயனை ஊழ் எடுத்துக்கொள்ளலாம். பழியும் பொறுப்பும் முயற்சியோடு மட்டுமே ஒட்டியவை.

பயன் எவ்வாறு வருகிறது என்பதில் தத்துவ நெறிகள் பிரிகின்றன. செய்த வினைக்கும் பின்னர் வரும் பயனுக்கும் இடையே ‘அபூர்வம்’ என்னும் கண்காணா ஆற்றல் தங்கியிருந்து தானே பயன் தரும் என்பது மீமாஞ்சையின் கொள்கை. அங்கு நன்றி கூற எவரும் இல்லை. வினை அறிவற்றது, தானே சென்று உரியவரைச் சேராது, அறிந்து கூட்டுவிக்கும் இறைவன் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம். முன்னே ஈட்டிக் குவிந்த சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறப்பில் நுகரக் கிடைக்கும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படும் ஆகாமியம் என்று அது வினையை மூன்றாகப் பகுக்கிறது. இக்கொள்கையின்படி முயற்சி உழைத்தவருடையதே. அதைப் பயனோடு கூட்டியது மட்டும் அவருடையதன்று. இரு பருவங்கள் வெளியே அமர்ந்திருந்தபோது வீசிய யார்க்கரும் காபாவில் வீசிய யார்க்கரும் ஒரே உழைப்பின் விளைவு. ஒன்றுக்குப் பயன் கூடியது, மற்றொன்றுக்குக் கூடவில்லை. முடி காணிக்கை அந்தக் கூட்டுவிப்பை ஏற்றுக்கொள்வது, உழைப்பை மறுப்பதன்று. ‘இது கொடுத்தால் அது செய்கிறேன்’ என்று முன்பே பேசிக்கொள்ளும் நேர்த்திக்கடனிலும் உழைப்பு மறுக்கப்படுவதில்லை. ஆயினும் அதன் பேரத்தன்மை இந்த ஏற்பைச் சற்றே மங்கச் செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஊழ், அருள் ஆகிய சொற்கள் தன்மையிடத்தில் மட்டுமே அறத்தோடு பொருந்துகின்றன என்பதே இங்கு வலியுறுத்த வேண்டியது. ‘எனக்குக் கிடைத்தது என் திறமையால் மட்டும் அன்று’ என்று வென்றவர் சொல்வது பணிவு. அவரைப் பார்த்து அடுத்தவர் ‘அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது’ என்று சொல்வது, சின்னப்பம்பட்டியின் மண் தரையில் தொடங்கிய உழைப்பை ஒரே சொல்லில் அழிப்பது. தரநிலை எண் பெறாமல் வென்றவர்களை ‘மேல்வரிசை வீரர்கள் முன்னரே வெளியேறியதால் வென்றவர்கள்’ என்று ஒதுக்குவதும் இவ்வகையே. 2021 அமெரிக்க ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து பட்டம் வென்ற எம்மா ராடுகானு ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை.

காயமடைந்தவர், தோற்றவர் பக்கம் இந்த வேறுபாடு இன்னும் கண்டிப்பாகக் காக்கப்பட வேண்டும். தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பிராரத்தம் என்று ஏற்று அமைதி காண்பதற்கு ஷமிக்கோ ஹென்மனுக்கோ உரிமை உண்டு. அவர்களைச் சுட்டி அவ்வாறு சொல்ல வேறு எவருக்கும் உரிமை இல்லை. சித்தாந்த விளக்கங்களைப் பிறர் நோயின்மீதும் வறுமையின்மீதும் தீர்ப்பாகச் சுமத்தும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. அதனால் இழிவுபடுத்தப்பட்டோர் எண்ணிறந்தோர். பழனியில் நின்று நன்றி சொல்பவர் பிறரின் காயத்துக்காக நன்றி சொல்வதில்லை; தமக்கு வாய்த்ததற்கு மட்டுமே சொல்கிறார். அந்தக் காயங்களை முருகனின் கணக்கில் எழுதுபவர் வெளியே நின்று கணக்குப் பார்ப்பவரே.

பயனைப் பெறப்பட்டதாகக் கருதுபவருக்கு அதனோடு ஒரு கடமையும் சேர்கிறது. சித்தாந்தத்தின் சொல்லில் அது ஆகாமியத்தின் இடம். நடராஜன் தம் ஊரிலேயே கட்டிய கிரிக்கெட் மைதானம் 2023 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாத சிறுவர்கள் அங்கு தோல் பந்தில் பழக, அவரைப்போல 20 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.