கடன் தாளின் மொழி

கையொப்பமிட்டவர் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்பது உலக வழக்கு. கொடுத்த வாக்கைக் காப்பது அறம் என்றே நாமும் வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஆனால், தான் கொடுப்பது இன்ன வாக்கு என்பதே விளங்காதபோது அது வாக்காகுமா? அறியாத மொழியில் எழுதப்பட்ட கடன் பத்திரத்தின் அடியில் ஓர் ஏழைத் தாய் இடுகின்ற கையெழுத்து அவளுடைய சம்மதத்தைக் காட்டுகிறதா, அல்லது அவளுடைய வறுமையைக் காட்டுகிறதா?

இது வெறும் தத்துவ விசாரமன்று. மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் வாழும் தாய் ஒருவர், தம் மகளின் கைவழியாக ஒரு கடன் பத்திரத்தை என்னிடம் அனுப்பியிருந்தார். பத்திரம் முழுவதும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கைக்கு வந்த தொகை, வாரந்தோறும் கட்டவேண்டிய தொகை, இவ்விரண்டையே அவர் அறிந்திருந்தார். வட்டி எவ்வாறு கணிக்கப்படுகிறது, தவணை பிந்தினால் என்ன சேரும், பிணை நின்றவர்களின் பொறுப்பு எதுவரை செல்லும் என்பவற்றை அவர் அறியார். இத்தனைக்கும் அந்நிறுவனத்தின் விளம்பரம் நல்ல தமிழில் இருந்தது. தவணை தவறினால் வரும் தொலைபேசி மிரட்டலும் தமிழிலேயே வந்தது. அழைப்பதற்கும் அதட்டுவதற்கும் தெரிந்த தமிழ், கடனை எழுதும் வேளையில் மட்டும் மறந்துபோவது ஏன்?

மலையக மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்த முன்னோரின் நினைவாக, 2023 ஆம் ஆண்டில் அதே வழியில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அம்முன்னோர் வரும்போதே கடனாளிகளாக வந்தனர். வழிச்செலவு முதலாக யாவும் அவர்களின் பேரில் பற்றாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், கடன் தொகையைக் குறித்துத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். அந்தத் தொகையைப் புதிய துரை செலுத்தினால்தான் விடுதலை. மனிதரின் விலை எழுதப்பட்ட அந்தச் சீட்டை, அந்த மனிதரால் வாசிக்க முடியவில்லை. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. வாசிக்கவியலாத கடன் தாள் ஒழியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. எனினும் அது முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்தும் விதி. தனியார் கடன் கந்தோர்களின் மேசைவரை அது எட்டவில்லை. 2016 இன் நுண்நிதியளிப்புச் சட்டமோ, வைப்புப் பணம் பெறாது கடன் மட்டும் கொடுத்துவந்த நிறுவனங்களை வெளியே விட்டுவிட்டது. 2023 இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்து, தன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்கள் வாடிக்கையாளர் விரும்பும் மொழியை மதிக்கவேண்டும் என வகுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தமக்கு இப்படியோர் உரிமை உண்டென்பதை அறியாதவர், எந்த மொழியில் வேண்டும் என்று எப்படிக் கேட்பார்?

“கேட்டிருக்கலாமே! கேளாமல் கையெழுத்திட்டது அவள் குற்றமன்றோ?” என்பார் உளர். இந்த வாதம் மிகப் பழையது. 1582 இல் இங்கிலாந்தில், எழுத்தறியாத ஒருவருக்குப் பத்திரமொன்றைப் பொய்யாக வாசித்துக் காட்டி ஒப்பம் பெற்றனர். அப்பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். பிழையாக வாசித்துக் காட்டினால் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் வாசித்துக் காட்டும்படி கேளாதவரைக் காக்க அவ்விதி முன்வரவில்லை. சட்டம் நின்ற அந்த இடத்திலிருந்துதான் அறம் தொடங்கவேண்டும். இருவருள் ஒருவருக்கே பத்திரத்தின் பொருள் தெரியும். அவரே அதை எழுதியவர். அதனால் இலாபம் அடைபவரும் அவரே. அவ்வாறாயின், விளக்கும் கடமையும் அவருடையதே.

“மொழிபெயர்ப்புக்குச் செலவாகுமே” என்பது அடுத்த வாதம். நமது ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் தமிழ் உண்டு. தொலைவிலுள்ள நைஜீரியாவில் ஆட்சிமொழி ஆங்கிலம். ஆயினும் வடபகுதியின் பெருமொழியாகிய ஹவுசாவில் நைரா நாணயத்தாளின் பெறுமதி எழுதப்பட்டிருக்கிறது. பணம் எங்கும் புழங்கவேண்டும் என்பதற்காக இத்தகைய அரசுகள் மக்களின் மொழியை நாடுகின்றன. கொடுக்கும் பணத்தில் இடம்பெறும் மொழி, அந்தப் பணத்தைக் கடனாக்கும் தாளில் இடம்பெறாமைக்குச் செலவு காரணமாகாது.

ஆனால் மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா? ‘கூட்டாகவும் தனித்தும் பொறுப்பாவர்’ என்று தமிழில் எழுதிவிடலாம். குழுவிலுள்ள நால்வர் கட்டாவிட்டால் ஐவரின் கடனும் உன் ஒருத்தியின் தலையில் விழலாம் என்பதே அதன் பொருள். இப்படி எழுதாத தமிழ், தமிழெழுத்தில் உள்ள அந்நிய மொழியே. வட்டியும் அவ்வாறே. ஒரு இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 24 வீதம். பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 24,000, மாதம் ஏறத்தாழ 10,333 ரூபா. கணக்கு நேர்மையாகவே தோன்றும். ஆனால் முதலும் மாதந்தோறும் குறைந்துகொண்டே போகிறது. வட்டி மட்டும் இறுதிவரை முழு இலட்சத்துக்கும் அறவிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியின்மேல் கணித்தால் உண்மை வட்டி 40 வீதத்தைக் கடந்துவிடும். ‘24 வீதம்’ என்று சரியாக மொழிபெயர்த்தவர் சொல்லுக்கு உண்மையாக இருந்தார். அதைப் படிப்பவருக்கு உண்மையாக இருந்தாரா? மொழிபெயர்ப்பாளர் கூலிக்கு உழைப்பவர்தாம். ஆனாலும் அவரது பேனா இரு தரப்பாருக்கும் நடுவே நிற்கிறது என்பதை அவர் மறத்தல் ஆகாது.

இங்கே நமது நண்பர்கள் ஒரு கேள்வி எழுப்புவர்: “பசி கையெழுத்திடும்போது மொழி என்ன செய்யும்?” நியாயமான கேள்வி. 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த பெண்கள் சிங்களம் அறிந்தவர்களே. வாசிக்கத் தெரிந்தமை அவர்களைக் கடனிலிருந்து காக்கவில்லை. ஆகவே மொழி கிடைத்தால் சுரண்டல் மறையும் என்று நான் சொல்லவில்லை. குறைந்த வட்டிக் கூட்டுறவுக் கடனும் வாழப் போதிய கூலியும் இல்லாதவரை கடன்காரர் வாசலுக்கு வந்துகொண்டே இருப்பார். ஆனால் தனக்கு நேர்ந்தது இன்னதென்று பெயர்சொல்லத் தெரியாதவர் அதை எதிர்த்து நிற்பதும் அரிது. அவர் அதைத் தலைவிதி என்பார். ஹிங்குராக்கொடைப் பெண்கள் அதை அநீதி என்றனர். தோட்டத்துத் தாயும் தன் தாளைப் படித்தறியும் நாளில், மொழி வேறானாலும் கடன் ஒன்றே என்று அப்பெண்களோடு சேர்ந்து நிற்பாள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நேரான பங்கு உண்டு. கணித வகுப்பில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்பிக்கிறோம். தமிழ் வகுப்பில் கடிதமும் கட்டுரையும் எழுதுவிக்கிறோம். ஒரு கடன் பத்திரத்தை எந்த வகுப்பில் வாசிக்கிறோம்? தோட்டத்துப் பிள்ளை வீடு திரும்பும்போது, தாயின் பெட்டியிலுள்ள அந்தத் தாளைப் பிரித்து, இதன் பொருள் இது என்று சொல்ல வல்லதாயின் நாம் கற்பித்த தமிழுக்கு ஒரு பயன் உண்டு. அதுவரை, விளங்காத தாளில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று அழைக்கும் வழக்கத்துக்கேனும் நாம் உடன்படாதிருப்போம்.