சிறு வியாபாரத்திற்கு ஒரு தெளிவான நிய்யத்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இந்தத் தொழுகை முடிந்ததும் நம்மில் பலர் நேராகக் கடைக்குத்தான் போகப் போகிறோம். அதில் தவறே இல்லை. தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி சூரத்துல் ஜும்ஆவே நமக்குச் சொல்கிறது. ஆனால் தேடிப் போகிற நாம், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துதான் போகிறோமா? இன்று அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நோன்புப் பெருநாள் இரவு. பிறை தெரிந்துவிட்டது. அத்தா என்னைத் தையல் கடைக்கு அழைத்துப் போனார். என் சட்டைத் துணியைக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கடை வாசலில் கூட்டம். எல்லார் கையிலும் ரசீது. தையல்காரர் தலை நிமிராமல், "காலையில தொழுகைக்கு முன்னாடி தந்துடுறேன் பாய், இன்ஷா அல்லாஹ்" என்றார். அலமாரியில் என் துணி மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. வெட்டவே இல்லை. அடுத்த நாள் பழைய சட்டையோடு தொழப் போனேன். அது பெரிய இழப்பு இல்லை. ஆனால் அந்த இன்ஷா அல்லாஹ் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் கெட்டவர் அல்ல சகோதரர்களே! ஐவேளைத் தொழுகையாளி. யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்ல. அப்படியானால் தவறு எங்கே நடந்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் இரண்டு மெஷின். காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு, ஒரு நாளைக்கு 6 சட்டை முடியும் என்று வைத்துக்கொள்வோம். ரமலானில் 25 நாள் உழைத்தால் 150 சட்டை. அவர் ரசீது போட்டது 230 என்றால், 80 சட்டைகள் எந்தக் கணக்கிலும் தைக்க முடியாதவை. அந்த 80 பேருக்கும் வாக்கு முறிந்தது பெருநாள் இரவில் அல்ல. ரசீது எழுதிய அன்றே முறிந்துவிட்டது. அவர்கள் கொடுத்த அட்வான்ஸ் நூலுக்கும் வாடகைக்கும் செலவாகியிருக்கும். அடுத்தவரின் அமானிதம் அவருக்கே தெரியாமல் அவர் கையில் கரைந்துபோனது.

ஏன் வாங்கினார்? கேட்டால் ஒரு பதில் வரும்: "வந்த ரிஸ்கைத் திருப்பி அனுப்பலாமா ஹஜ்ரத்?" இது நம்மில் பலருடைய மனதில் இருக்கிற கேள்வி. இதனால்தான் மளிகைக் கடையில் செல்போன் ரீசார்ஜும் வருகிறது, பிறகு ஃபேன்சி சாமான் வருகிறது, பிறகு பழச்சாறு வருகிறது. முதல் எல்லாவற்றிலும் சிதறிக் கிடக்கிறது. அரிசி மூட்டைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் பழச்சாறு மெஷினில் முடங்கிக் கிடக்கிறது. வேலை செய்யும் பையனின் சம்பளம் தள்ளிப் போகிறது. வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம்!

அன்பானவர்களே, ரிஸ்க் அல்லாஹ் எழுதியது. அது நம் அலமாரியில் எத்தனை விதச் சரக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்து வருவதில்லை. நம்மால் நிறைவேற்ற முடிந்த ஆர்டர் ரிஸ்க். நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தே வாங்கிய ஆர்டர் ரிஸ்க் அல்ல, கடன். அதைத் திருப்பி அனுப்புவது நன்றிகெட்டதனம் ஆகாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி சூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே கட்டளையிடும்போது, நிறைவேற்ற முடியாததை மறுப்பதும் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவதுதான்.

நபித்தோழர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களைப் பாருங்கள். சொர்க்கத்திற்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். கி.பி. 622-இல் ஹிஜ்ரத் செய்து, உடைமைகளை மக்காவில் விட்டுவிட்டு மதீனா வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர்களோ துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போனார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் வியாபாரம் செய்து லாபத்தோடு திரும்பினார்கள். மறுநாளும் போனார்கள். சில காலத்திலேயே ஒரு பேரீச்சங் கொட்டை எடை தங்கம் மஹர் கொடுத்து நிக்காஹ் முடித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, பணத்தைக் கேட்கும் முன் சந்தையைக் கேட்டார்கள். மக்கள் எங்கே கூடுகிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்று பார்த்தார்கள். நாமோ முதலில் கடன் வாங்குகிறோம், பெயர்ப்பலகை மாட்டுகிறோம், அதற்குப் பிறகுதான் யாருக்கு விற்பது என்று யோசிக்கிறோம். இரண்டு, தொடங்கியது பாலாடைக் கட்டியும் நெய்யும்தான். பின்னாளில் பெரும் செல்வந்தராகி, அள்ளி அள்ளித் தர்மம் செய்த அவர்களின் தொடக்கம் அவ்வளவு சிறியது.

இன்னொருவர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். கூஃபாவில் துணி வியாபாரி. அவர்களின் கூட்டாளி ஒரு துணியிலிருந்த குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. இமாம் அவர்கள் அதன் தொகையைத் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் அறிவிக்கப்படுகிறது. எவ்வளவு லாபம் வேண்டும் என்பதற்கு முன்பே, எந்தப் பணம் தம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. அதனால்தான் அந்த நேரத்தில் தடுமாற்றம் வரவில்லை.

எனவே சகோதரர்களே, இன்று இரவு இஷாவுக்குப் பிறகு ஒரு தாளை எடுங்கள். மூன்று வரி எழுதுங்கள்.

முதல் வரி: நான் யாருக்கு, என்ன கொடுக்கிறேன்? "எல்லாருக்கும் எல்லாமும்" என்று எழுதினால் இன்னும் தெளிவு வரவில்லை என்று அர்த்தம். "இந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குச் சீருடை" என்று எழுத முடிந்தால் அது தெளிவு.

இரண்டாவது வரி: ஒரு நாளில், ஒரு மாதத்தில், சொன்ன சொல் தவறாமல் என்னால் எவ்வளவு கொடுக்க முடியும்? ஆசைக் கணக்கு வேண்டாம். போன மாதம் உண்மையில் முடித்த கணக்கை எழுதுங்கள்.

மூன்றாவது வரி: எதைச் செய்ய மாட்டேன்? ஹராம் முதலில் வரட்டும்: வட்டி, எடை மோசடி, குறையை மறைத்தல். அதன் கீழே, ஹலாலாக இருந்தும் நம் சக்திக்கு மீறியவற்றை எழுதுங்கள். எழுதியதை வீட்டாரோடும் அனுபவமுள்ள வியாபாரியோடும் மஷூரா செய்யுங்கள். இஸ்திகாரா தொழுங்கள்.

"வயிறு நிறையாதவனுக்கு இதெல்லாம் எப்படி முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஓடாத தொழிலைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைப் பட்டினி போடவும் சொல்லவில்லை. தொழிலை மாற்றுவது குற்றம் அல்ல, யோசித்து மாற்றுங்கள். இந்த மாதம் ஒன்றே ஒன்றைக் குறையுங்கள். உங்களால் முடியாததைக் கேட்டு வருபவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்புங்கள். போகிறவர் உங்களை நம்பிக்கைக்குரியவர் என்று நினைவில் வைப்பார். பக்கத்துக் கடைக்காரர் உங்களுக்காக துஆ செய்வார். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது நாம் அறிந்ததுதானே! அந்த எண்ணம் சரியாக இருந்தால், ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதிலும் நன்மை உண்டு.

கடைசியாக அந்த இன்ஷா அல்லாஹ்வுக்கு வருகிறேன். நாளை செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்ல சூரத்துல் கஹ்ஃப் நமக்குக் கற்றுத் தருகிறது. முழு மனதோடு செய்ய எண்ணுபவர் தம் இயலாமையை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் சொல் அது. செய்ய முடியாது என்று தெரிந்தவர் தப்பித்துக்கொள்ளும் வாசல் அல்ல. நம் கடையில் அந்தச் சொல்லைக் கேட்கிற மாற்று மதச் சகோதரர், "பாய் இன்ஷா அல்லாஹ் சொல்லிட்டார், கண்டிப்பா கிடைக்கும்" என்று நம்பிப் போக வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் சிறு சிறு வியாபாரங்களில் பரக்கத் செய்வாயாக! எது எங்களால் முடியும், எது முடியாது என்று அறியும் தெளிவைத் தருவாயாக! வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றும் ஆற்றலையும், நிறைவேற்ற முடியாதபோது மறுக்கும் துணிவையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான உணவை மட்டுமே ஊட்டுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.