நம்பிக் கொடுப்பது

நான் காரோட்டக் கற்றுக்கொண்டது முப்பத்தெட்டாவது வயதில். உரிமம் வாங்கிப் பத்து வருடமாகிறது. இன்றும் நான் ஓட்டும்போது என் கணவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால், அவருடைய கால் தரையை அழுத்திக்கொண்டேதான் வரும். அங்கே பிரேக் இல்லை என்பது அவருக்கும் தெரியும். "லாரி வருது பாரு", "மெதுவா, மெதுவா", "இண்டிகேட்டர் போட்டியா?" என்று வழி முழுக்கப் பேச்சு வேறு. அவர் கெட்டவர் அல்ல. ஒரு பெண் கையில் ஸ்டியரிங் இருந்தால் தான் விழித்திருக்க வேண்டும் என்று எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

போன வருடம் மின்சார கார் வாங்கினோம். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும், கோட்டுக்குள்ளேயே வண்டியைப் பிடித்து வைக்கவும் அதில் ஒரு மென்பொருள் உண்டு. திருச்சிக்குப் போகும்போது, விழுப்புரம் தாண்டியதும் அவர் அதை இயக்கினார். சிறிது நேரத்தில் கைகள் ஸ்டியரிங்கில் பட்டும் படாமலும் இருந்தன. பிறகு ஒரு கை கைப்பேசிக்குப் போனது. பத்து வருடமாக என்னை நம்பாத கால், இரண்டு மாதம் பழகிய மென்பொருளை நம்பி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகள் வரிசையாக நிற்கும் இல்லையா, அதில் ஊர்க்காரர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஓர் இடைவெளியில் ஒரு பெண் நின்றிருந்தார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். எங்கள் பக்கம் இறங்கினார். "பிரேக்!" என்று கத்தினேன். அவர் மிதித்தார். வண்டி நின்றது. அந்தப் பெண் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுக் கடந்து போனார்.

"அதுவே நின்னிருக்கும்" என்றார் கணவர்.

நின்றிருக்கலாம். அது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. மென்பொருளை நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையால் கிடைத்த ஐந்து நிமிட ஓய்வும் அவருடையது. அது பொய்த்திருந்தால் விலை கொடுத்திருக்க வேண்டியவர், குடத்தோடு நின்ற பெண். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. "உங்களை நம்பித்தான் பொண்ணைக் கொடுக்கிறோம்" என்று எத்தனை வீட்டு முற்றங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நம்புகிறவர் அப்பா. நம்பப்படுகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டார். நம்பிக்கை வீணானால் அடுப்படியில் நின்று அனுபவிக்கிறவள் மகள். அந்த வாக்கியத்தில் அவள் நம்புகிறவளும் இல்லை, நம்பப்படுகிறவளும் இல்லை, கொடுக்கப்படும் பொருள். ஒருவர் இன்னொருவருடைய உயிரை வைத்து நம்பிக்கை வைக்கலாமா என்ற கேள்வியைப் பெண்கள் காருக்கு வெகு காலம் முன்பே சந்தித்துவிட்டோம்.

தத்துவவாதி அனெட் பேயர் 1986இல் நம்பிக்கை பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். நம்புவது என்றால், நமக்குத் தீங்கு செய்யும் வல்லமையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் அதைச் செய்யமாட்டார் என்று இருப்பது. சமமானவர்கள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்களையே ஒழுக்கவியல் வெகுவாகப் பேசியது, சமமற்றவர்களுக்கிடையேயான நம்பிக்கையைக் கவனிக்கவில்லை என்பது அவருடைய விமர்சனம். கார் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. சாலையைக் கடக்கிறவருக்கு எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை. ஆனால் தீங்கின் பெரும்பங்கு அவர் தலைமேல்தான்.

2018 மார்ச் 18ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில், 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். ஊபர் நிறுவனம் சோதனைக்கு விட்டிருந்த தானோட்டி வண்டி அவரை மோதிக் கொன்றது. அது மின்சார கார் அல்ல, மென்பொருள் பொருத்திய வோல்வோ. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. மோதுவதற்கு 5.6 வினாடி முன்பே கருவிகள் அவரைக் கண்டுகொண்டன. ஆனால் மென்பொருள் அவரை வாகனம் என்றது, பிறகு வேறு ஏதோ என்றது, பிறகு சைக்கிள் என்றது. மாற்றி மாற்றிப் பெயர் வைத்ததில் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைக் கணிக்கத் தவறியது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனுஷி நடந்து வரக்கூடும் என்பது அதன் வடிவமைப்பிலேயே இல்லை. வோல்வோவின் சொந்த அவசர பிரேக் வசதியையும் சோதனை ஓட்டத்தின்போது செயலிழக்கச் செய்திருந்தார்கள்.

கோடு இல்லாத இடத்தில் யாரும் கடக்கமாட்டார்கள் என்று நினைக்கும் ஒரு மென்பொருள், அரளிச் செடி இடைவெளியில் நிற்கும் பெண்ணை என்னவென்று அழைக்கும்?

டெம்பி வண்டியில் கண்காணிப்புக்காக ஓர் ஊழியர் இருந்தார். அவரும் பெண். முன்பு இரண்டு பேர் செய்த வேலையை ஒருவருக்குக் குறைத்திருந்தார்கள். அவர் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொல்லிவிட்டது. ஊழியர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். அவர் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சாலையைப் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் பிரேக்கைத் துண்டித்த முடிவும், ஆளைக் குறைத்த முடிவும், நடந்து வருகிறவரைக் கணக்கில் எடுக்காத முடிவும் அவருடையவை அல்ல. மோதலில் நசுங்கி உள்ளிருப்பவரைக் காப்பதற்கென்றே காரின் முன்பகுதியைச் செய்கிறார்கள். அதுபோலப் பழியைத் தாங்கி நசுங்குவதற்கென்று ஒரு மனிதர் அமைப்புகளுக்குள் வைக்கப்படுகிறார் என்கிறார் மானுடவியலாளர் மேடலின் கிளேர் எலிஷ். குடும்பங்களில் அந்த இடத்தில் யாரை வைக்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2019 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் நடந்தது இன்னொன்று. டெஸ்லா மின்சார காரில் ஆட்டோபைலட்டை இயக்கிவிட்டு, விழுந்த கைப்பேசியைத் தேடிக் குனிந்தார் ஓட்டுநர். சாலை முடியும் சந்திப்பைத் தாண்டிப் பாய்ந்த கார், நின்றிருந்த வண்டி மீது மோதியது. அதன் அருகே நின்ற 22 வயதுப் பெண் இறந்தார். 2025 ஆகஸ்ட்டில் மயாமி நீதிமன்றத்தின் ஜூரி, பொறுப்பில் மூன்றில் ஒரு பங்கை நிறுவனத்தின் மீதும் மீதியை ஓட்டுநர் மீதும் வைத்தது. அதே நிறுவனம் தன் இன்னொரு மென்பொருளை 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' என்ற பெயரில் விற்றது. முழுக்கத் தானே ஓட்டும் என்று பெயர்; கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காதே என்று கையேடு. 2024இல்தான் அந்தப் பெயரோடு 'சூப்பர்வைஸ்டு' என்ற சொல் சேர்ந்தது.

இறந்த இருவரும் பெண்களாக இருந்தது தற்செயல். இருவரும் காருக்கு வெளியே இருந்தார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

என் மகள் பொறியியல் படிக்கிறாள். இதையெல்லாம் சொன்னபோது அவள் சும்மா இருக்கவில்லை. "மனுஷங்க ஓட்டினா மட்டும் என்னம்மா வாழுது?" என்றாள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். மென்பொருள் குடிப்பதில்லை, தூங்குவதில்லை, வீட்டுச் சண்டையின் கோபத்தை ஆக்ஸிலரேட்டரில் காட்டுவதில்லை. அது உயிர்களைக் காக்கும் என்றால் அதை வேண்டாம் என்பதும் பாவம்தானே என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் காரைப் பிடிக்கும். பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்காமல் நினைத்த நேரத்தில் கிளம்ப முடிகிற சுதந்திரத்தை அதுதான் எனக்குத் தந்தது. ஆனால் "காக்கும்" என்பதை விற்கிறவர் வாயால் மட்டும் கேட்டால் போதாது. யாரைக் காக்கும், உள்ளே இருப்பவரையா, கடக்கிறவரையா? எந்தச் சாலையில்? எண்ணியது யார்? தத்துவவாதி ஒனோரா ஓ'நீல் சொல்வது இங்கே உதவுகிறது: நம்பிக்கையை வளர்ப்பது தன்னளவில் நல்ல நோக்கமே அல்ல. நம்பத் தகுந்ததை நம்புவதும் தகாததை நம்பாமலிருப்பதும்தான் நல்லது. மக்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் குறையை மக்களிடம் தேடுகிறார்கள். "அனுசரிச்சுப் போம்மா" என்று பெண்ணிடம் சொல்லும் குரல்தான் அது.

வெளியே நிற்பவர்கள் பேசினால் கார் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. மின்சார கார் மெதுவாகப் போகும்போது சத்தமே கேட்காது. காதால் சாலையைக் கடக்கிற பார்வையற்றவர்களுக்கு அது ஆபத்து. அமெரிக்காவில் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு விடாமல் போராடியது. அமைதியான கார்கள் ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய வகை மின்சார கார்கள் 20 கிலோமீட்டர் வேகம் வரை ஒலியெழுப்பியாக வேண்டும். அந்தக் காரை ஓட்டவே போகாதவர்கள், அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி வென்றார்கள். "எங்களை வைத்து நீங்கள் நம்பாதீர்கள், எங்களுக்குப் பதில் சொல்லுங்கள்" என்றார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

திருச்சியிலிருந்து திரும்பும்போது நான் ஓட்டினேன். மென்பொருளை இயக்கவில்லை. அரளிச் செடி இடைவெளி வரும் என்று தெரிந்ததால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தேன். அன்று அங்கே யாரும் இல்லை. பக்கத்து இருக்கையில் கணவரின் கால் வழக்கம்போல் தரையை அழுத்தியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசி பையில் இருந்தது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.