இறுதி நாளில் இல்லறத்தார் கடமை

அருகன் திருவடி போற்றி!



இறந்தார்க்குப் பிண்டமிடுதல் நம் சமயக் கொள்கையன்று. உடலை நீத்த உயிர் தன் வினைக்கேற்ற மறுபிறவியை நோக்கி உடனே சென்றுவிடுகிறது. அவ்விடைவெளி நான்கு சமயங்களுக்கும் உட்பட்டது என்பர். கண்ணிமைக்கும் நேரத்தினும் மிக நுண்ணியது அவ்வளவு. ஆகவே நாம் படைக்கும் எதுவும் சென்றவரை எட்டாது. இவ்வுண்மையின் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்க்கிறோமா? ஒருவர்க்குச் செய்யக்கூடிய நன்மை அனைத்தையும் அவர் மூச்சு அடங்கும் முன்னரே செய்தாக வேண்டும்.

தத்துவார்த்த சூத்திரம் அகத்தவம் ஆறனுள் மூன்றாவதாக வையாவிருத்தியத்தைக் கூறுகிறது. பிணியுற்றோர் உள்ளிட்ட அறநெறியாளர்க்குச் செய்யும் தொண்டே அது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் அதனை இல்லறத்தார்க்குரிய சிட்சாவிரதம் நான்கனுள் ஒன்றாகவே வைத்தார். துன்பம் களைதலும் கால் பிடித்தலும் அதன்பாற்படும். அங்குச் சொல்லப்படுவது துறவியர்க்குரிய தொண்டு. எனினும், மடியில் இருத்தி நமக்குப் பஞ்ச நமஸ்காரம் கற்பித்த முதியோர்க்கு அதனை மறுப்பது அறமாகுமா?

உத்தாயன மன்னனின் கதையை நாம் அறிவோம். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்ட உணவை மன்னன்மீதே கக்கினான். மன்னனும் அரசியும் முகஞ்சுளித்தாரல்லர். தாம் அளித்த உணவில்தான் பிழை போலும் என வருந்தி, தம் கையாலேயே அவ்வுடலைக் கழுவினர். நற்காட்சியின் உறுப்பாகிய அருவருப்பின்மைக்கு இதனையே சான்று காட்டுவர். அரண்மனையில் நிகழ்ந்த அச்சோதனை, படுக்கையில் கிடக்கும் முதியவரின் ஈரத்துணியை மாற்றும்போது நம் வீட்டிலும் நிகழ்கிறது.

யான் அச்சோதனையில் ஒருமுறை தவறினேன். என் மாமியாரின் கடைசி வாரங்களில், உண்டால்தானே உயிர் நிற்கும் என்று கஞ்சியை அவர் வாயில் வற்புறுத்தி ஊட்டினேன். அவருக்குப் புரையேறிக் கண்கள் நீரைச் சொரிந்தன. “போதும்மா, விட்டுடு” என்றார். மாணவரின் நிலையறிந்து கற்பிக்க வேண்டும் என்று பயிற்சி ஆசிரியர்களுக்குப் பல்லாண்டு போதித்த யான், நோயாளியின் நிலையறிந்து ஊட்டவில்லை. இறுதி நெருங்கும்போது பசி குறைதல் உடலின் இயல்பு. கேட்டால் சிறிது சிறிதாகக் கொடுங்கள்; மறுத்தால் விட்டுவிடுங்கள். வடிகட்டிக் காய்ச்சிய நீரில் நனைத்த துணியால் உதடுகளையும் வாயையும் ஈரப்படுத்துங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மெல்லப் புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் பெரும்பாலும் வாராது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. செஞ்சிக்கு அருகேயுள்ள திருநாதர் குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இன்றும் உள்ளது. சல்லேகனை நமது பெருமை. 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர் நீதிமன்றம் அதனைத் தற்கொலைக்கு ஒப்பாக்கித் தீர்ப்பளித்தபோது நாம் வருந்தினோம். அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வெளியார்க்கு விடை கூறும் நாம் வீட்டினுள்ளும் நேர்மையாக இருத்தல் வேண்டும். அந்நோன்பு, ஏற்பவர் தெளிந்த அறிவோடு தாமே விரும்பி, குருவின் இசைவு பெற்று ஏற்பது. சமந்தபத்திரரே கொடும்பிணியுற்றுச் சல்லேகனை வேண்டியபோது குரு இசையவில்லை என மரபு கூறும். அங்ஙனமிருக்க, நினைவு தடுமாறும் மூதாட்டி பால் கேட்கையில், “நோன்பில் இருக்கிறார்” என்று பிறர் முடிவு செய்வது நோன்பன்று, புறக்கணிப்பு. விரைவில் இறக்க வேண்டும் என்னும் ஆசையைச் சல்லேகனையின் குற்றங்களுள் ஒன்றாக நூல்கள் கூறுகின்றன. நோற்பவர்க்கே அவ்வாசை ஆகாதெனின், அருகிருப்போர்க்கு அது தகுமா?

வலியைப் பொறுத்தலே தவம் எனக் கருதி மருந்தை மறுக்கும் குடும்பங்களும் உண்டு. வேதனையிலேயே மனம் அழுந்துவதை ஆர்த்த தியானம் என்றும், அது தீவினைக்கு வித்து என்றும் நூல்கள் உரைக்கும். வலி தணிந்தால்தான் மனம் அருகன் திருநாமத்தில் நிற்கும். ஆதலின் வலிதணிப்புச் சிகிச்சை அறத்திற்கு மாறானதன்று, துணையே ஆகும். இரவுண்ணா விரதமுடையவராயின் மருத்துவரிடம் முன்னரே கூறி, மருந்து வேளைகளைப் பகலில் அமைக்க இயலுமா எனக் கேளுங்கள்.

அன்புடையாரைப் பிரிந்து அரற்றுதலும் ஆர்த்த தியானமே. ஆயினும் கண்ணீர் குற்றமன்று. “எங்களை விட்டுப் போகிறீர்களே” என்று படுக்கையருகே கதறினால், நீங்கும் உயிரைப் பற்றினால் கட்டுகிறோம். கையைப் பற்றி அமர்ந்து, “நாங்கள் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளுங்கள், நாங்களும் யாவும் பொறுத்தோம்” என்று சொல்லுங்கள். பஞ்ச நமஸ்காரத்தை மெல்லிய குரலில் ஓதுங்கள். பேச்சற்றவர்க்கும் செவி கேட்கக்கூடும். அவ்வாறு வழியனுப்பியவர்க்குத் துயரம் வரும். ஆனால் “செய்யாமல் விட்டேனே” என்னும் ஆறாப் புண் வாராது.

உங்கள் இல்லத்தில் இன்று ஒரு முதியவர் படுத்திருக்கிறாரா? இவ்விதழை மடித்து வைத்துவிட்டு அவரருகே செல்லுங்கள்.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!