கையெழுத்துப் போடாதவர்கள்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அன்று காலை முதலில் என் கைக்கு வந்தது ஹெல்மெட் இல்லை, ஒரு ஃபாரம். அடிபட்டாலோ செத்துப்போனாலோ யாரும் பொறுப்பில்லை, தெரிந்துதான் வருகிறேன் என்று அதில் இருந்தது. கார் நண்பனுடையது. இரண்டே சீட், பின்சக்கரங்களைத் தள்ளும் என்ஜின். நான் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆசையில் மளமளவென்று கையெழுத்துப் போட்டேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தோன்றியது: வண்டியால் எனக்கு வரக்கூடிய ஆபத்துக்கு யாராவது என் சம்மதத்தைக் கேட்பது இதுதான் முதல் தடவை. நான் திருவொற்றியூர்க்காரன். எண்ணூரில் லாரி செய்கிறார்கள், திருவொற்றியூரில் 1950-களிலிருந்தே புல்லட் செய்தார்கள், காமராஜர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறுகின்றன. கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே சைக்கிள் மிதித்துத்தான் பள்ளிக்கூடம் போனோம். யாரும் எங்களிடம் எந்த ஃபாரத்தையும் நீட்டியதில்லை.

டிராக்கின் நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். மஞ்சள் கொடி காட்டினால் முன்னே ஆபத்து, முந்தாதே. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமாக ஒருவன் வருகிறான், வழிவிடு. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. சொல்லிக்கொடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க தம்பி. உள்ள போனப்புறம் பயந்துட்டு சடார்னு காலை எடுக்காதீங்க."

மூன்றாவது ரவுண்டில் அதைத்தான் செய்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் எடை முன்னால் சாயும், பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். காரின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மண்ணில் போய் நின்றேன். மஞ்சள் கொடி ஆடியது. பின்னால் வந்தவர்கள் நிதானமாக விலகிப் போனார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. "எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று சிரித்தார்கள். என் தவறுக்கு அங்கே ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

டிராக்கில் ஓட்டினால் ரோட்டிலும் நன்றாக ஓட்டலாம் என்பார்கள். பாதி உண்மை. கைக்கும் காலுக்கும் சில விஷயங்கள் புரிகின்றன. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன், நண்பன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். பைபாஸ் முடிந்து மணலிப் பக்கம் வந்தபோது முள் 60-இல் இருந்தது. எனக்கு அது நடை வேகமாகத் தெரிந்தது, பகல் முழுக்க அதைப்போல இரண்டு மடங்கு பார்த்த கண் அல்லவா. ஓரமாக நின்ற இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவிலிருந்து மீன் கூடையோடு ஒரு அம்மா வெளியே வந்தார். மிதித்தேன். ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. அவர் பானெட்டில் ஓங்கித் தட்டினார். "கண்ணு இன்னா பொடனிலயா கீது உனக்கு?"

நிறுத்தியது டிராக்கில் கற்ற பிரேக்தான் என்று நண்பன் சொன்னான். 60-ஐ எனக்கு மெதுவாகக் காட்டியதும் அதே டிராக்தான். 40-இல் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரத்தைவிட 60-இல் இரண்டேகால் மடங்கு ஆகும். அந்தக் கணக்கு அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

"என் உசுரு, என் ரிஸ்க்" என்று ராத்திரியில் பைக் ரேஸ் விடும் பையன்கள் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆளில்லாத இடத்தில் அந்த வாதம் நிற்கும். ரோட்டில் நிற்காது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் எத்தனை பேர் இன்னொருவர் எடுத்த ரிஸ்க்கில் போனவர்களோ. 2024 ஆகஸ்டில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி ரேஸ் நடந்தது, நாம் தினமும் போகிற அதே ரோடுகளில். தடுப்பு வைத்து, ஜனங்களை வெளியே நிறுத்திய பிறகுதான் அது டிராக் ஆனது. ஆக, தாரில் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டு வந்தவர்களா என்பதுதான் கேள்வி.

கையெழுத்து இருந்தால் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயத்தில் 59 வயது மூத்த வீரர் ஒருவர் இறந்தார். அதே வருடம் ஆகஸ்டில் அங்கேயே பைக் பந்தயத்தில் ஒரு பையன் இறந்தான். அவனுக்கு வயது 13. பெரியவரின் சம்மதத்தை நான் மதிக்கிறேன், வாழ்க்கை முழுக்க அதில் இருந்தவர். அந்தப் பையனின் சம்மதத்தை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. "வேகம் வேணும்னா டிராக்குக்குப் போ" என்று காசிமேட்டுப் பையனிடம் சொல்வது எனக்குச் சுலபம், எனக்குக் கார் வைத்திருக்கும் நண்பன் இருக்கிறான். இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன்னால் நம் பக்கமே, சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறார். 1990-இல் புது டிராக் வந்ததும் வேகம் நகரத்தின் இன்னொரு கோடிக்குப் போய்விட்டது. எங்களுக்கு டிரெய்லர்கள் மிஞ்சின. ஆனால் இது அந்தப் பையனின் கோபத்துக்குக் காரணமாகலாம், மீன்கார அம்மாவின் மேல் அவனுக்கு உரிமை ஆகாது. எனக்கும் ஆகாது.

டிரெய்லர் ஓட்டும் மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். 22 வருடமாகத் துறைமுகத்துக்கு ஓட்டுகிறவர். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் லோடு எறக்கிட்டு காலி வண்டியா வரும்போதுதான்டா ரொம்ப பயப்படுவேன்" என்றார். "வண்டி லேசாயிருக்கும், நமக்கும் லேசாயிடும்."

அடுத்த மாதம் மறுபடி போகிறேன், பிடித்திருக்கிறது. திரும்பி வரும்போது நண்பன்தான் ஓட்டுவான் என்று பேசியிருக்கிறோம். அவனும் அன்று டிராக்கில் ஓட்டியிருப்பான் என்பதால், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவோம்.