உதைப்பதை நிறுத்துதல்

ஒழுக்கம் பழக்கத்தினால் உருவாவது என்பது அரிஸ்டாட்டிலின் கட்சி. நியாயமான காரியங்களைச் செய்து செய்தே ஒருவன் நியாயவான் ஆகிறான். பி.ஏ. பரீட்சையோடு விட்டுப்போன இந்தக் கருத்து, முக்குளிப்பவர்களின் பயிற்சி நூல்களைப் படிக்கையில் பிரச்னையாகத் திரும்பி வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

1943இல் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய கருவியில் வெளிவிடும் மூச்சு குமிழிகளாகப் போய்விடும். மூச்சை இழுத்தால் நெஞ்சு விரிந்து உடல் சற்று மேலே வரும், விட்டால் இறங்கும். ஆர்க்கிமிடீஸ் விதி, அவ்வளவுதான். தேர்ந்தவன் பாறை எதிர்ப்பட்டால் கையைக் காலை அசைப்பதில்லை. சற்று ஆழமாக மூச்சிழுக்கிறான், தாண்டிவிடுகிறான். சில வருஷங்களில் இது பிரக்ஞைக்கே வராத காரியமாகிவிடுகிறது.

ரீபிரீதரில் மூச்சு வெளியே போவதில்லை. விட்ட மூச்சு ஒரு பைக்குள் போகிறது. சுண்ணாம்புக் கலவை கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள, செலவான ஆக்ஸிஜன் மட்டும் சேர்ந்து அதே காற்று திரும்பி வருகிறது. (சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பழக்கமான ஏற்பாடுதான், சுண்ணாம்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும்.) ஹென்றி ஃப்ளூஸ் 1878இலேயே இதைச் செய்துகாட்டினார். 1987இல் ஃபுளோரிடாவின் வக்கல்லா ஊற்றில் பில் ஸ்டோன் இத்தகைய கருவியோடு 24 மணி நேரம் நீருக்கடியில் இருந்தார். குமிழி இல்லை, சத்தம் இல்லை. ஆனால் நுரையீரலில் குறைவது பையில் கூடுகிறது; மொத்தக் கன அளவு மாறுவதில்லை. மூச்சு இனி உடலை ஏற்றாது, இறக்காது. பல வருஷத் தேர்ச்சியுள்ளவன் பாறையைக் கண்டு மூச்சிழுக்கிறான். நேரே போய் முட்டுகிறான்.

அவன் தேர்ச்சி எங்கே போயிற்று? அவனுக்குள் இருந்ததா அது, அல்லது நுரையீரலுக்கும் தண்ணீருக்கும் இடையிலான ஒப்பந்தம் மட்டும்தானா? லஞ்சம் வர வழியே இல்லாத மேஜையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனின் நேர்மையைப் பற்றியும் இதையே கேட்கலாம். பழக்கத்தோடு விவேகமும் வேண்டும் என்று அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். விவேகத்துக்குச் செய்தி எட்டுமுன் மூச்சு இழுக்கப்பட்டுவிடுகிறதே.

இனி எல்லாம் தெரிந்தே செய்யவேண்டும். மூச்சுப் பை, மிதப்பு அங்கி, நீர்புகா உடை என்று மூன்று இடங்களில் காற்று. சற்று மேலே போனால் மூன்றும் விரியும். விரிந்தால் இன்னும் மேலே தூக்கும். ஆக்ஸிஜனின் அழுத்தம் குறைவதால் தானியங்கி வால்வு மேலும் ஆக்ஸிஜனைச் சேர்க்கும். அதுவும் மிதப்பில் சேரும்.

உடலின் கிடை பற்றிய பாடம் இதைவிட முக்கியமானது. எடை அதிகமாகக் கட்டியவன் தலை மேலும் கால் கீழுமாகச் சரிந்து, உதைத்துக்கொண்டே போவான். எடை கீழே இழுக்கிறது, உதை மேலே தள்ளுகிறது, ஆழம் மாறுவதில்லை. பார்ப்பவனுக்கு அது சமநிலை. வங்கியில் இது தெரிந்த விவகாரம். பற்றுப் பக்கத்தில் ஒரு கணக்கில் நூறு ரூபாய் கூடவும் இன்னொன்றில் நூறு குறையவும் எழுதினால் ட்ரயல் பாலன்ஸ் அழகாகப் பொருந்தும். பொருந்தியதாலேயே யாரும் தேடமாட்டார்கள்.

பயிற்சியாளர் வைக்கும் சோதனை எளிமையானது: உதைப்பதை நிறுத்து. நிறுத்தியதும் மூழ்குகிறான். பிறகு எடையைக் குறைப்பதும், ஈயக்கட்டியை இடுப்பிலிருந்து தோள்பக்கம் நகர்த்துவதுமாகப் பொறுமையான வேலை. பழைய கருவியில் சின்னப் பிழைகளை மூச்சே சரிக்கட்டிவிடும். அந்த மறைப்பும் இப்போது இல்லை. கூட்டம், மொழிபெயர்ப்பு, மறுப்புக் கட்டுரை, மறுப்புக்கு மறுப்பு என்ற நம் ஓயாத இயக்கத்தை அர்ப்பணிப்பு என்கிறோம். அதில் எத்தனை பங்கு உதை என்று யாராவது நிறுத்திப் பார்த்திருக்கிறோமா?

புதுக் கருவியோடு தொடக்கப் பயிற்சி ஆழமில்லாத நீரில், எங்கும் போகாமல், ஒரே இடத்தில் மிதப்பது. அது சலுகை அல்ல. மேல்மட்டப் பத்து மீட்டருக்குள்தான் காற்று இரண்டு மடங்காக விரிகிறது. ஆழத்தைவிட அங்கே அசையாதிருப்பதுதான் கஷ்டம்.